பழங்குடிப் பெண்ணைத் தாக்கியவன் மீது யார் வழக்குப் போடுவது? அமெரிக்காவின் ஒரு பழைய சிக்கல்

புகார் கொடுக்கப் போனால் "இது எங்க லிமிட் இல்லைங்க, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்புவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். எரிச்சல்தான். ஆனாலும் கடைசியில் ஏதோ ஒரு ஸ்டேஷன் அந்தப் புகாரை எடுத்துக்கொண்டாக வேண்டும். அமெரிக்காவில் பழங்குடியினரின் நிலங்களில் லிமிட் பிரச்சினை இதைவிட விசித்திரமானது. குற்றம் எங்கே நடந்தது என்பது மட்டும் போதாது. அடித்தவர் பழங்குடியா, அடிபட்டவர் பழங்குடியா என்பதையும் பார்த்துத்தான் பக்கத்திலேயே இருக்கும் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அதிகாரம் உண்டா இல்லையா என்பது முடிவாகும். பல சமயம் பதில் "இல்லை".

அந்த நாட்டுப் பழங்குடிப் பெண்களுக்கு எதிரான வன்முறையை நிறுத்தப் போராடுகிறவர்கள் ஏன் எப்போது பார்த்தாலும் இறையாண்மை, இறையாண்மை என்கிறார்கள் என்பது இதைப் புரிந்துகொண்டால்தான் விளங்கும். பெண்களைக் காப்பது சமூக நலத் துறை சமாசாரம், இறையாண்மை அரசியல் சாசன சமாசாரம் என்று பிரித்து யோசிக்கத்தான் நமக்குத் தோன்றும். அங்கே இரண்டும் ஒரே வழக்கு.

முதலில் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துவிடலாம். அமெரிக்க நீதித்துறையின் (நீதிமன்றம் அல்ல, அரசின் ஒரு துறை) ஆய்வுப் பிரிவு 2016-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அமெரிக்க இந்திய (அதாவது அந்நாட்டுப் பழங்குடி) பெண்களிலும் அலாஸ்கா பூர்வகுடிப் பெண்களிலும் 84 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வாழ்நாளில் ஏதோ ஒரு வன்முறையைச் சந்தித்தவர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் 56 சதவீதம். அப்படி ஆளானவர்களில் 96 சதவீதம் பேர், தங்களிடம் அத்துமீறியவர்களில் ஒருவராவது பழங்குடி அல்லாதவர் என்று சொன்னார்கள். சொந்த இனத்தவர் என்று சொன்னவர்கள் 21 சதவீதம். (இரண்டையும் அனுபவித்தவர்கள் இருப்பதால் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது.) அந்த 96-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் ஓட்டை சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது.

தேசத்துக்குள் தேசம்

அமெரிக்காவில் ஒன்றிய அரசு அங்கீகரித்த பழங்குடி தேசங்கள் 570-க்கும் மேல். தேசம் என்பது அலங்காரப் பேச்சு இல்லை. அவர்களுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு, சட்டம், பல இடங்களில் போலீஸ், நீதிமன்றம் எல்லாம் உண்டு. வெள்ளையர் வருவதற்கு முன்பே தங்களைத் தாங்களே ஆண்ட மக்கள் அவர்கள். அந்த அதிகாரம் ஒன்றிய அரசு கொடுத்த சலுகை அல்ல, அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. இதைத்தான் இறையாண்மை என்கிறார்கள். 1830-களில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதைப் பாதி ஒப்புக்கொண்டது. பாதி ஏன் என்றால், தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் 1831-இல் அவர்களை "உள்நாட்டுச் சார்பு தேசங்கள்" என்று வர்ணித்துவிட்டார். தேசம்தான், ஆனால் சார்ந்திருக்கும் தேசம். அடுத்த இரண்டு நூற்றாண்டுக் குழப்பமும் அந்தச் "சார்பு"க்குள் இருந்துதான் கிளம்பியது.

குழப்பம் எப்படி வளர்ந்தது என்பதற்கு ஒரு கொலை வழக்கு நல்ல உதாரணம். 1881-இல் தெற்கு டகோட்டாவின் ரோஸ்பட் பகுதியில் க்ரோ டாக் என்ற லக்கோட்டாக்காரர், ஸ்பாட்டட் டெய்ல் என்ற தலைவரைச் சுட்டுக் கொன்றார். இரு குடும்பமும் உட்கார்ந்து லக்கோட்டா வழக்கப்படி பேசி முடித்தார்கள்: 600 டாலர், எட்டுக் குதிரை, ஒரு கம்பளி. விஷயம் தீர்ந்தது. வெள்ளை அதிகாரிகளுக்கு இது பொறுக்கவில்லை. அவரைப் பிடித்துத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். 1883-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு பழங்குடி இன்னொரு பழங்குடியைக் கொன்றால் தீர்ப்புச் சொல்வது அந்தப் பழங்குடி தேசத்தின் வேலை என்றது. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், கொதித்துப்போய் 1885-இல் பெருங்குற்றச் சட்டத்தைக் கொண்டு வந்தது. கொலை, பாலியல் வன்புணர்வு போன்றவை அன்றிலிருந்து ஒன்றிய அரசின் கைக்கும் போயின.

அப்புறம் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு துண்டு பிய்ந்தது. 1953-இல் வந்த பொதுச் சட்டம் 280, கலிபோர்னியா, மினசோட்டா முதலான சில மாநிலங்களில் குற்ற வழக்கு அதிகாரத்தை மாநில அரசிடம் தள்ளிவிட்டது. பழங்குடிகளின் சம்மதம் கேட்கவில்லை, மாநிலங்களுக்குப் பணமும் தரவில்லை. 1968-இல் வந்த இன்னொரு சட்டம், பழங்குடி நீதிமன்றம் எந்தக் குற்றத்துக்கும் ஆறு மாதத்துக்கு மேல் சிறை விதிக்கக் கூடாது என்றது. 1986-இல் அது ஓராண்டாயிற்று. 2010-இல் அது மூன்றாண்டு ஆகும்வரை வன்புணர்வுக்கும் ஓராண்டுதான்.

1978, மார்ச் 6

இந்தக் கதையில் ஒரே ஒரு வழக்கைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது ஒலிஃபன்ட் வழக்கு.

வாஷிங்டன் மாநிலத்தில் போர்ட் மேடிசன் என்ற ஒதுக்கு நிலம் (பழங்குடிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி), சுக்வாமிஷ் மக்களுடையது. 1973 ஆகஸ்டில் அங்கே தலைவர் சியாட்டில் பெயரில் வருடாந்தரத் திருவிழா. ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும் என்று தெரிந்ததால் பழங்குடி அரசு மாவட்ட நிர்வாகத்திடம் பாதுகாப்புக் கேட்டது. ஒரே ஒரு போலீஸ்காரரை, எட்டு மணி நேரத்துக்கு மட்டும் அனுப்ப முடியும் என்று பதில் வந்தது. விடிகாலை நாலரை மணிக்கு, அங்கேயே குடியிருந்த மார்க் ஒலிஃபன்ட் என்ற வெள்ளையர் பழங்குடி போலீஸ்காரர் ஒருவரைத் தாக்கியதாகவும் கைதை எதிர்த்ததாகவும் பிடிக்கப்பட்டார். அந்த நேரத்தில் அங்கே சட்டம் என்று இருந்தது பழங்குடி போலீஸ் மட்டுமே. "நான் பழங்குடி இல்லை, என்னை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று அவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்கள் ஒப்பவில்லை. உச்ச நீதிமன்றம் 6-2 என்று அவர் பக்கம் சாய்ந்தது.

பழங்குடி அல்லாதவர் மீது குற்ற வழக்கு நடத்தும் அதிகாரம் பழங்குடி தேசங்களுக்குக் கிடையாது என்று தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரென்குவிஸ்ட். அந்த அதிகாரத்தைப் பறிக்கும் சட்டம் எதுவும் இருந்ததா என்றால், இல்லை. அமெரிக்காவின் மேலாண்மைக்குக் கீழே வந்தபோதே அது போய்விட்டதாக அவர் ஊகித்துக்கொண்டார். ஒதுக்கு நிலங்களில் பழங்குடி அல்லாதவர்கள் செய்யும் குற்றங்கள் பெருகியிருப்பது நீதிமன்றத்துக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் அதை எடைபோட வேண்டியது காங்கிரஸ் என்றும் எழுதி வைத்தார். அந்த வாசகம் நீதிமன்றப் பணிவாகத் தெரியலாம். எனக்கு அது கை கழுவலாகத்தான் படுகிறது. காங்கிரஸ் அதை எடைபோட 35 ஆண்டுகள் ஆயின.

பழங்குடி நிலத்தில் வெள்ளையர்கள் எப்படி அவ்வளவு பேர் என்று கேட்பீர்கள். 1887-இல் பொது நிலத்தைத் துண்டு போட்டுத் தனிநபர் பட்டாவாக்கும் சட்டம் ஒன்று வந்தது. மிச்சம் என்று அறிவிக்கப்பட்டது வெளியாருக்கு விற்கப்பட்டது. அப்போது பழங்குடிகள் கையில் சுமார் 13.8 கோடி ஏக்கர். 1934-இல் சுமார் 4.8 கோடி. ஒலிஃபன்ட் தீர்ப்பின் அடிக்குறிப்பிலேயே போர்ட் மேடிசன் கணக்கு இருக்கிறது: நிலத்தில் 63 சதவீதம் பழங்குடி அல்லாதவர்களின் சொத்து, குடியிருந்தவர்களில் அவர்கள் 2,928 பேர், சுக்வாமிஷ் மக்கள் ஏறத்தாழ 50 பேர். முதலில் நிலத்தைப் பிடுங்கி வெளியாரைக் குடியேற்றினார்கள். பிறகு அந்த வெளியார் மேல் கை வைக்கக் கூடாது என்றார்கள்.

இப்போது, 2013-க்கு முன் இருந்த நிலையில், ஒரு பெண்ணின் வீட்டுக்கு இதைக் கொண்டு போய்ப் பார்ப்போம். அவள் பழங்குடி, கணவன் வெள்ளையன், வீடு ஒதுக்கு நிலத்தில். ராத்திரி அடிக்கிறான். போன் செய்தால் பழங்குடி போலீஸ் வரும். அவனைத் தடுத்து நிறுத்தலாம், பிடித்து வேறு யாரிடமாவது ஒப்படைக்கலாம். வழக்குப் போட முடியாது. பெரும்பாலான இடங்களில் அது ஒன்றிய அரசு வழக்கறிஞரின் வேலை. அவர் அலுவலகம் மணிக்கணக்கில் வண்டி ஓட்டிப் போக வேண்டிய நகரத்தில். அவர் மேஜையில் போதைப்பொருள் கடத்தல், வங்கிக் கொள்ளை எல்லாம் கிடக்கின்றன. கன்னத்தில் அறைந்ததற்கும் கையை முறுக்கியதற்கும் அவர் கிளம்பி வருவாரா? குடும்ப வன்முறை என்பது கன்னத்தில் அறைவதில் ஆரம்பித்து எலும்பு முறிவுக்குப் போய்க் கொலையில் முடியக்கூடியது. முதல் படியில் தடுக்க யாருக்கும் அதிகாரமோ அக்கறையோ இல்லையென்றால், அடுத்த படி தானாக வரும். அதுவும் அந்த ஆளுக்கு இது நன்றாகவே தெரியும்.

பெரிய குற்றங்களாவது எடுத்துக்கொள்ளப்பட்டனவா? 2005 முதல் 2009 வரை பழங்குடிப் பகுதிகளிலிருந்து வந்த வழக்குகளில் பாதியை ஒன்றிய அரசு வழக்கறிஞர்கள் எடுக்க மறுத்தார்கள் என்று 2010-இல் அரசின் தணிக்கை அலுவலகமே கணக்குச் சொன்னது. பாலியல் குற்ற வழக்குகளில் மறுக்கப்பட்டவை 67 சதவீதம். போதிய சாட்சியம் இல்லை என்பது அடிக்கடி சொல்லப்பட்ட காரணம். மருத்துவப் பரிசோதனை செய்யப் பயிற்சி பெற்ற நர்ஸ் பக்கத்து ஆஸ்பத்திரியில் இல்லை, புலனாய்வாளர் வந்து சேர நாளாகிறது என்றால் சாட்சியம் எங்கிருந்து வரும்?

ரோஸ்பட்டிலிருந்து ஒரு குரல்

க்ரோ டாக் கதை நடந்த அதே ரோஸ்பட்டில்தான் டில்லி பிளாக் பேர் என்ற லக்கோட்டாப் பெண்மணி வாழ்ந்தார். 1977-இல் அவரும் அவருடைய தோழிகளும் வெள்ளை எருமைக் கன்றுப் பெண் சங்கத்தைத் தொடங்கினார்கள். லக்கோட்டாக்களுக்குப் புனிதக் குழாயையும் வாழும் முறையையும் கொண்டுவந்து கொடுத்தவள் அந்தப் புராணப் பெண். 1980-இல் சங்கம் திறந்த புகலிடம், ஒதுக்கு நிலத்தில் பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட முதல் புகலிடங்களில் ஒன்று. அடிபட்ட பெண் ராத்திரியில் குழந்தைகளோடு வந்து தங்க ஒரு வீடு. அதிகாரம் யாருக்கு என்ற விவாதமெல்லாம் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

1978 ஜனவரியில் அவர் தலைநகர் வாஷிங்டனில் குடிமை உரிமைகள் ஆணையத்தின் முன் குடும்ப வன்முறை பற்றிப் பேசினார். ஒலிஃபன்ட் தீர்ப்பு அதே ஆண்டு மார்ச்சில். ஒரு பக்கம் ஒரு பெண் "எங்களைக் காப்பாற்ற வழி வேண்டும்" என்று வந்து நிற்கிறார். இரண்டு மாதம் கூட ஆகவில்லை, அதே ஊரில் இருந்த வழியையும் அடைத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது. இறையாண்மை என்றாலே பெண்களுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே 1978 மே மாதம் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு சொன்னது. நியூ மெக்சிகோவின் சான்டா கிளாரா பழங்குடி விதிப்படி, வெளியாளை மணந்த ஆணின் பிள்ளைகள் உறுப்பினர். வெளியாளை மணந்த பெண்ணின் பிள்ளைகள் கிடையாது. ஜூலியா மார்டினெஸ் என்ற தாய் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். இது பழங்குடியின் உள் விவகாரம், நாங்கள் தலையிட மாட்டோம் என்றது நீதிமன்றம். வெள்ளைக்காரக் குற்றவாளி என்றால் பழங்குடி அதிகாரம் செல்லாது. பழங்குடிப் பெண்ணுக்கு எதிரான விதி என்றால் செல்லும்! சட்டப்படி இரண்டும் வேறு வேறு கேள்விகள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஆண்டில் இரண்டு பக்கமும் அடி வாங்கியவர்கள் பெண்கள். இயக்கத்தில் இருக்கும் பெண்கள் இதை மறைப்பதில்லை. தங்கள் சபைத் தலைவர்களோடும் சண்டை போட்டுக்கொண்டேதான் வாஷிங்டனோடும் போடுகிறார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது

பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம் 1994-இல் வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு போராட்டக் களம். 2012-இல் பழங்குடிகளுக்கான பிரிவு கைவிடப்படும் என்று பேச்சு வந்தபோது, துலாலிப் பழங்குடியின் துணைத் தலைவர் டெபோரா பார்க்கர் நாடாளுமன்றமான கேபிடல் கட்டடத்தில் நிருபர்கள் முன்னால் நின்று, சிறுவயதில் தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னார். எதிர்ப்பாளர்களின் வாதம் எப்படி இருந்தது தெரியுமா? பழங்குடி நிலத்தில் ஜூரியில் (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில்) பழங்குடிகள்தானே இருப்பார்கள், வெளியாளுக்கு எப்படி நியாயம் கிடைக்கும் என்று கேட்டார் செனட்டர் சக் கிராஸ்லி. முழுக்க வெள்ளையர் ஜூரியின் முன் நின்ற பழங்குடிகளைப் பற்றி இப்படி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சட்டம் நிறைவேறி, 2013 மார்ச் 7 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். பழங்குடி அல்லாதவர் மீது குடும்ப வன்முறை வழக்குப் போடும் அதிகாரம் பழங்குடி நீதிமன்றங்களுக்குத் திரும்பியது. அரிசோனாவின் பாஸ்குவா யாக்கி, வாஷிங்டன் மாநிலத்தின் துலாலிப், ஒரிகனின் யுமடில்லா ஆகிய மூன்றும் 2014 பிப்ரவரியில் முன்னோட்டமாகத் தொடங்கின. நியாயம் கிடைக்குமா என்று கேட்டார்கள் இல்லையா? பாஸ்குவா யாக்கியில் இந்த அதிகாரத்தின் கீழ் நடந்த முதல் ஜூரி விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். அது குடும்ப உறவுதான் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்றது ஜூரி. முதல் ஐந்து ஆண்டுகளில் 18 பழங்குடிகள், 143 கைதுகள், 74 தண்டனைகள், 5 விடுதலைகள் என்று அமெரிக்க இந்தியர் தேசிய காங்கிரஸ் என்ற பழங்குடிகளின் கூட்டமைப்பு கணக்கெடுத்தது. சம்பவங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள்.

அங்கேதான் அடுத்த ஓட்டை தெரிந்தது. மனைவியை அடித்தால் வழக்கு. பக்கத்தில் நின்ற குழந்தையை அடித்தால் வழக்கில்லை. பிடிக்க வந்த போலீசை அடித்தாலும் இல்லை. முன்பின் தெரியாதவன் வன்புணர்ந்தாலும் இல்லை, ஏனென்றால் அது "குடும்பம்" அல்ல. 2022 மார்ச்சில் பைடன் கையெழுத்திட்ட புதுப்பிப்பு, பாலியல் வன்முறை, பின்தொடர்ந்து தொல்லை தருவது, பாலியல் தொழிலுக்கான ஆட்கடத்தல், குழந்தைகள் மீதான வன்முறை, நீதிப் பணியாளர்களைத் தாக்குவது ஆகியவற்றையும் சேர்த்தது. இன்னும் கொலை அந்தப் பட்டியலில் இல்லை. பழங்குடி நீதிமன்றம் ஒரு குற்றத்துக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான் விதிக்கலாம். அதையும் பயன்படுத்த வேண்டுமென்றால் வசதியில்லாத பிரதிவாதிக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர், சட்டம் படித்த நீதிபதி, பழங்குடி அல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளும் ஜூரி முறை எல்லாம் இருக்க வேண்டும். நியாயமான நிபந்தனைகள்தான். ஆனால் காசு? சின்னப் பழங்குடி அரசுகள் பல இதனாலேயே இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

காணாமல் போனவர்கள்

மே 5-ஆம் தேதி சிவப்பு உடை அணிந்து, வாயின் மேல் சிவப்புக் கை அச்சு பதித்துக்கொண்டு பெண்கள் ஊர்வலம் போகும் படங்களைப் பார்த்திருக்கலாம். காணாமல் போன, கொல்லப்பட்ட பழங்குடிப் பெண்களுக்கான நாள் அது. 2013-இல் மொன்டானாவில் கொல்லப்பட்ட வடக்கு செயென் இளம்பெண் ஒருவரின் பிறந்த நாளும் அதுவே.

இதிலும் அதிகாரக் குழப்பம்தான் வேர். ஒரு பெண் காணாமல் போனால் பழங்குடி போலீஸ், மாவட்ட ஷெரிஃப், எஃப்.பி.ஐ. மூவரில் யார் தேடுவது என்று முடிவாவதற்குள் முதல் சில நாட்கள் போய்விடும். நகரத்தில் காணாமல் போனால் அவளுடைய இனத்தையே தவறாகப் பதிவு செய்துவிடுவார்கள். 2016-இல் தேசியக் குற்றப் பதிவேட்டில் காணாமல் போன பழங்குடிப் பெண்கள், சிறுமிகள் குறித்துப் பதிவான புகார்கள் 5,712. நீதித்துறையின் தரவுத்தளத்தில் ஏறியவை 116. சியாட்டிலில் இருக்கும் நகர்ப்புற இந்தியர் நல நிறுவனம் 2018-இல் இதை எடுத்துக் காட்டியது. 2017-இல் வடக்கு டகோட்டாவில் கர்ப்பிணியாக இருந்தபோது கொல்லப்பட்ட ஓர் இளம்பெண்ணின் பெயரால் 2020-இல் சவன்னா சட்டம் வந்தது; இந்த வழக்குகளைக் கையாளும் நெறிமுறையையும் தரவுகளையும் ஒழுங்குபடுத்துவது அதன் நோக்கம்.

இவ்வளவும் ஒதுக்கு நிலங்கள் பற்றி. அலாஸ்காவுக்குப் போனால் இதுவே சொகுசாகத் தெரியும். நாட்டின் பழங்குடி தேசங்களில் ஐந்தில் இரண்டு, 220-க்கும் மேல், அங்கேதான் இருக்கின்றன. ஆனால் 1971-இல் வந்த நிலத் தீர்வுச் சட்டம், பழங்குடி நிலத்தைக் கம்பெனிகளின் பெயருக்கு மாற்றிவிட்டது. அந்த நிலம் சட்டப்படி பழங்குடி நிலமே இல்லை என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிலம் இல்லையென்றால் அதிகார எல்லையும் இல்லை. 2013 சட்டத்தின் பலன் அலாஸ்காவில் ஒரே ஒரு பழங்குடியைத் தவிர வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. சாலையே இல்லாத கிராமங்கள். விமானமோ படகோதான், பனிப்புயல் என்றால் அதுவும் இல்லை. பல கிராமங்களில் ஒரு போலீஸ்காரர்கூடக் கிடையாது. தாக்கப்பட்ட பெண், மாநிலப் போலீஸ் பறந்து வரும்வரை, தாக்கியவன் இருக்கும் அதே சின்ன ஊரில் காத்திருக்க வேண்டும்.

2022 சட்டம் அவர்களுக்காக ஒரு முன்னோட்டத் திட்டத்தைச் சேர்த்தது. ஆண்டுக்கு அதிகபட்சம் ஐந்து, மொத்தம் முப்பது அலாஸ்காப் பழங்குடிகள் வரை தங்கள் கிராமத்தில் இந்தக் குற்றங்களை விசாரிக்க நீதித்துறை அனுமதி தரலாம். அனுமதி வாங்கும் கிராமம் அதற்கு முன்னால் நீதிபதியையும் வழக்கறிஞரையும் தேடிக்கொள்ள வேண்டும். கைதியை வைக்க ஓர் இடம் வேண்டும். கைது செய்ய ஓர் ஆளும் வேண்டும்.